அத்தை முகத்தில் ஒற்றிய நாள்காட்டித் தாள்

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு கவலை விட்டது. முகத்தில் எண்ணெய் வடிகிறதே என்று இனி நாம் அலட்டிக்கொள்ள வேண்டாம். காலையில் எழுந்து கன்னத்தைத் தடவிப் பாருங்கள், சொரசொரவென்றுதான் இருக்கும். என் மகள் வீட்டுக் குளியலறையில் குப்பிகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஒன்று முகத்திலிருக்கும் எண்ணெயை எடுப்பதற்காம். இன்னொன்று, எடுத்த எண்ணெய்க்குப் பதிலாக வேறு எண்ணெய் வைப்பதற்காம். நடுவில் ஒன்று இருக்கிறது, அது எதற்கென்று அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நானும் சிரித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். கூடத்தில் வந்து உட்கார்ந்ததும் அத்தையின் ஞாபகம் வந்து சிரிப்பு போய்விட்டது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அவர்களைப் பெற்றவர்கள் நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார்கள். அத்தையை வளர்த்தது, படிக்க வைத்தது எல்லாம் அப்பாதான். கட்டிக்கொடுக்க வேண்டியதும் அவர்தான். ராசிபுரம் சாலையில் எங்களுக்கு ஒரு சேகோ மில் இருந்தது. மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்கிற ஆலை. வீடும் அதே வளாகத்துக்குள்தான். கிழங்குத் தண்ணீர் புளித்த வாடையிலேயே பிறந்து வளர்ந்ததால் எனக்கு அது வாடையாகவே தெரியாது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் மூக்கைப் பிடிக்கும்போதுதான் தெரியும்.

அத்தைக்கு அப்போது கல்யாண வயது. நல்ல களையான முகம். ஆனால் எந்நேரமும் எண்ணெய் மினுமினுக்கும். குளித்துவிட்டு வந்து தலை துவட்டி முடிப்பதற்குள் நெற்றியும் மூக்கும் பளபளத்துவிடும். எனக்கு அந்த முகம் ரொம்பப் பிடிக்கும். வெயில் காலத்தில் என் கன்னத்தை அவள் கன்னத்தோடு ஒட்ட வைத்துக்கொண்டு படுத்திருப்பேன். குளுகுளுவென்று இருக்கும். அவள் தலையணை உறையில் வட்டமாக ஒரு கறை உண்டு. துவைத்தாலும் போகாது.

அந்த எண்ணெயால் எனக்கு ஒரு லாபமும் இருந்தது. தினசரி நாள்காட்டியில் கிழித்த தாளை அத்தை சும்மா எறிய மாட்டாள். நெற்றியில் ஒற்றி, கன்னத்தில் ஒற்றி, மூக்கின் இரண்டு பக்கமும் அழுத்தி எடுப்பாள். தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதை என்னிடம் நீட்டுவாள். "இந்தா சாமி, படம் போட்டுக்க" என்பாள். நான் அதைப் புத்தகத்தின் மேல் வைத்து மயில், யானை, இந்தியா எல்லாம் பென்சிலால் இழுப்பேன். வகுப்பில் மற்ற பிள்ளைகள் தேங்காய் எண்ணெய் தடவிய தாள் கொண்டு வருவார்கள். அது நோட்டெல்லாம் ஊறிவிடும். என் அத்தை முகத்துத் தாள் ஊறாது. எனக்கு அதில் பெருமை தாங்காது.

அந்த வருஷம் கிழங்கு வரத்து தொடங்கிய சமயம், முதல் தடவையாக அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். ஓமலூர்ப் பக்கத்துக்காரர்கள். அத்தை தட்டத்தில் காப்பியோடு வந்து நின்றாள். வந்தவர்களில் ஒரு அம்மாள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, பொண்ணு லட்சணந்தான், அடுப்படியிலிருந்து அப்படியே வந்துட்டாளாட்ட இருக்குது என்றாள். கேலியாகச் சொன்ன மாதிரிகூட இல்லை. ஆனால் அவர்கள் திரும்பி வரவேயில்லை. காரணம் அதுதான் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார்.

அப்பாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கைக்குத் தலைவலி என்றால் மில்லை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருகிறவர். ஆனால் அவருக்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்றுதான், வெளுக்க வைப்பது. கிழங்குப் பாலைத் தொட்டியில் விட்டால் மாவு அடியில் தங்கும், மேலே பழுப்பாக ஒரு ஏடு படியும். ஏட்டைச் சுரண்டி எறிந்துவிட்டு, மாவைக் கலக்கி, மறுபடி தண்ணீர் விட்டு, மறுபடி தெளிய விட வேண்டும். ஒவ்வொரு தண்ணீருக்கும் மாவு வெளுத்துக்கொண்டே போகும். சேலம் செவ்வாய்ப்பேட்டை வியாபாரி ஜவ்வரிசியை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு கடை வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பார்ப்பார். நிறம் பத்தாது என்றால் உதட்டைப் பிதுக்குவார். அந்த உதட்டுக்குப் பயந்தே அப்பாவின் பாதி ஆயுசு போயிற்று. தொட்டி ஓரமாக நின்று ஆட்களிடம் அவர் அடிக்கடி சொல்வது, "இன்னொரு தண்ணி உடுங்கப்பா" என்பதுதான்.

முகத்தையும் அவர் அப்படித்தான் பார்த்தார். எண்ணெய் என்பது மேலே படிகிற ஏடு, கழுவக் கழுவப் போய்விடும் என்று நம்பினார்.

நடுவில் நாமக்கல்லில் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. பந்தியில் ஆள் பற்றாமல் அத்தை ரசம் ஊற்றினாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். கொதிக்கிற வாளியின் ஆவியில் அவள் முகம் எண்ணெயும் வேர்வையுமாக வழிந்தது. வரிசைக் கடைசியில் உட்கார்ந்திருந்த ஒருவர் ரசம் போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே கையை இலைக்குக் குறுக்கே வைக்க மறந்துபோய், இலை முழுக்க ரசம் ஓடியது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். அவர் எருமப்பட்டிக்காரர். கொஞ்சம் தோட்டமும் ஒரு லாரியும் வைத்திருந்தார். சில நாளில் தரகர் எங்கள் வீட்டுக்கு வந்து, ரசம் ஊத்துன பொண்ணையே பாக்கோணும்னு பையன் பிடிவாதமா நிக்கிறானுங்க என்று சொன்னார்.

அன்றிலிருந்து அத்தை ஆளே வேறாகிவிட்டாள். தாவணியை மடிக்கும்போது பாட்டு, கிணற்றடியில் பாட்டு. கல்யாணம் என்றால் பலகாரம் கிடைக்கும் என்பதற்கு மேல் தெரியாத எனக்குக்கூட, அத்தைக்கு அந்த எருமப்பட்டிக்காரரைப் பிடித்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அவரையே கட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

தரகர் அடுத்த வாரமே வருகிறோம் என்றார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. தை போகட்டும், மாசி போகட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். ஒரு சாயங்காலம் களத்தில் காய்ந்த ஜவ்வரிசியை அள்ளிக்கொண்டிருந்தபோது அத்தை அவரிடம் போனாள். அண்ணனுக்கு எதிரில் நின்று அவள் பேசி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"அவரு என்னயப் பாத்துட்டாருங்கண்ணா. இதே மொகத்தத்தான் பாத்தாரு."

அப்பா முறத்தைக் கீழே வைத்தார். கோபமே இல்லை. "பாத்தது பையன், அம்மிணி. இனிப் பாக்கப்போறது அவிங்கம்மா. கொஞ்சம் தெளியட்டும். நாங் கெட்டதுக்கா சொல்றேன்?" என்றார்.

அத்தை தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்த வைத்தியத்தை நினைத்தால் இப்போதும் என் முகம் எரிகிறது. முதலில் சோப்பு மாறியது. மணமாக இருந்த சோப்பு போய், போட்டால் தோல் கிறீச்சிடுகிற சிவப்புக் கட்டி ஒன்று வந்தது. விடிந்ததும் ஒரு கழுவல், சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, வெயில் தாழ ஒன்று, விளக்கு வைத்ததும் ஒன்று. பிறகு எலுமிச்சம்பழம் பிழிந்து தேய்த்தார்கள். அதற்கும் அடங்காமல் அப்பா சேலத்துக்கு லோடு போன லாரியிலேயே போய், ஒரு பேன்சி ஸ்டோரிலிருந்து நீல நிறத் தண்ணீர் ஒரு பாட்டிலில் வாங்கி வந்தார். எண்ணெயை வேரோடு எடுத்துவிடும் என்று கடைக்காரர் சொன்னாராம். பஞ்சில் நனைத்துத் துடைத்தால் ஆஸ்பத்திரி வாடை அடிக்கும். அத்தைக்குக் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். கடைசியாக, மில்லிலேயே சலித்தெடுத்த நைசான மாவை முகம் முழுக்கப் பூசிவிட வேண்டும். எண்ணெய் குடிக்க அதைப்போல ஒன்றும் கிடையாது என்பது அப்பாவின் கட்சி.

வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் எங்கள் எல்லோருக்கும் உண்டு, அவளுக்கு மட்டும் இல்லை. தலைக்கு எண்ணெய் கூடாது என்றதால் முடி கிழங்கு நாராகச் செம்பட்டை அடித்துவிட்டது. கடலைக்காய் வறுத்தால் அவளுக்குத் தெரியாமல் தின்னும்படி எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அவளோ எனக்கு உரித்துக் கொடுத்துவிட்டு விரலை மட்டும் முகர்ந்துகொள்வாள்.

என் நாள்காட்டித் தாளும் போயிற்று. அத்தை அதை ஒற்றி எனக்குத் தருவதை ஒருநாள் பார்த்த அப்பா, அதையே பரிசோதனை ஆக்கிவிட்டார். தினம் சாயங்காலம் அவளை வாசலில் நிற்க வைத்து, அன்றைய தாளைக் கன்னத்தில் அழுத்தி எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். செவ்வாய்ப்பேட்டை வியாபாரி ஜவ்வரிசியைப் பார்ப்பாரே, அதேபோல. தாளின் ஊடே வெளிச்சம் தெரிந்தால் உதட்டைப் பிதுக்குவார். தினமும் தெரிந்தது. அவள் முகம் இப்போது தொட்டால் வறவறவென்று இருக்கும், கன்னத்தில் செதில் நிற்கும், மூக்கோரம் வெடித்துச் சிவந்திருக்கும். அப்படியும் தாளை வைத்தால் எண்ணெய் வந்துவிடும். ஒருபக்கம் காய்ந்துகொண்டும் ஒருபக்கம் ஊறிக்கொண்டும் அது என்ன முகம் என்று யாருக்கும் புரியவில்லை. இன்னொரு தண்ணி என்றார் அப்பா.

அம்மாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, "ஏனுங்க, இருந்த மொகமே நல்லா இருந்துச்சுங்க" என்றாள். அப்பா மோர் கேட்டார். அம்மா அதற்கு மேல் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அம்மாக்கள் ஒரு தடவைதான் சொல்வார்கள்.

பங்குனி வெயில் கொளுத்த ஆரம்பித்த பிறகு தரகர் கறாராகச் சொல்லிவிட்டார், இனியும் தள்ளினால் பெண் கொடுக்க இஷ்டமில்லை என்று எடுத்துக்கொள்வார்கள் என்று. அவர்கள் வருகிற அன்று காலையில் அத்தையின் முகத்தைப் பார்த்த அம்மா அழுதுவிட்டாள். முந்தின நாள் நீலத் தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாகவே தேய்த்திருந்தார்கள். இரண்டு கன்னமும் தோலுரிந்து, சுட்ட இடம் மாதிரி ஈரம் கசிந்துகொண்டிருந்தது. இதை அப்படியே காட்ட அப்பாவுக்கு மனம் வரவில்லை. மாவை எடுத்து அவரே அப்பினார். சிவப்பு மறையும் வரைக்கும் அப்பினார்.

வந்தார்கள். எருமப்பட்டிக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, யாரைப் பார்த்தாலும் சிரித்துக்கொண்டே இருந்தார். என்னைக் கூப்பிட்டு, ரசம் ஊத்தறப்ப வந்தியே, நீதானே என்று கேட்டார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. அத்தை தட்டத்தோடு வந்து நின்றாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். யாரையோ எதிர்பார்த்திருந்து வேறு யாரோ வந்துவிட்டதுபோல ஒரு பார்வை. அத்தையும் அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டாள்.

புழுக்கத்தில் மாவுக்கு அடியிலிருந்து எண்ணெயும் வேர்வையும் கசியத் தொடங்கின. நெற்றியில் முதல் கீறல் விழுந்தது. அப்புறம் கன்னத்தில். ஒரு பொருக்கு பெயர்ந்து காப்பித் தட்டத்தில் விழுந்தது. மாப்பிள்ளையின் அம்மா நல்ல மனுஷி. பாவம் பிள்ளைக்கு வேர்க்குது என்று எழுந்துபோய்த் தன் சேலைத் தலைப்பாலேயே கன்னத்தைத் துடைத்துவிட்டார். அத்தை "ஸ்" என்றாள். துடைத்த இடத்தில் பச்சைப் புண் தெரிந்தது. அந்த அம்மாள் கையை எடுத்துக்கொண்டு தலைப்பைப் பார்த்தார்.

போகும்போது வாசலில் அப்பாவிடம் மெதுவாகத்தான் பேசினார். "தோல்ல ஏதோ கோளாறாட்ட இருக்குதுங்க. முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டோமுங்க. மறைச்சீங்க பாருங்க, அதுதானுங்க மனசுக்கு ஆகல."

பெண்ணுக்கு வியாதி ஒன்றும் இல்லை, நான்தான் கழுவினேன் என்று அப்பா சொல்லியிருக்கலாம். கும்பிட்டு அனுப்பி வைத்தார்.

எருமப்பட்டிக்காரர் தன் வீட்டில் கொஞ்ச நாள் மல்லுக்கட்டிப் பார்த்தார் என்று தரகர் பிறகு சொன்னார். பிறகு அவருக்கும் வேறு இடத்தில் முடிந்துவிட்டது. அத்தைக்குத் தோல் வியாதி என்ற பேச்சு, எங்களுக்குச் சம்பந்தம் வரக்கூடிய ஊர்களுக்கெல்லாம் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. சில வருஷங்களுக்குப் பிறகு யாரும் வரவில்லை. அவளும் யாரையும் எதிர்பார்க்கவில்லை.

முகம் ஆற அந்தக் கோடை முழுக்க ஆயிற்று. நீலப் பாட்டிலை அப்பா தூக்கி எறிந்தது எனக்குத் தெரியும், தொட்டி வாய்க்காலில் அது மிதந்துபோனதைப் பார்த்தேன். தாளை ஒற்றிப் பார்ப்பதும் நின்றது. ஆனால் அத்தை கழுவுவதை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு யாரும் சொல்லாமலேயே கழுவிக்கொண்டிருந்தாள். கிழித்த நாள்காட்டித் தாளைக் கசக்கி அடுப்பில் போட்டுவிடுவாள். நானும் கேட்கவில்லை. கடையில் படம் வரைகிற தாள் வாங்கிக் கொடுத்தார்கள், அது மொடமொடவென்று இருந்தது.

பிறகு மில் கைமாறியது, நான் கல்யாணமாகிச் சேலத்துக்கு வந்தேன், அம்மா காலமானாள். வயதான அப்பாவும் அத்தையும் மட்டும் அந்த வீட்டில் மிஞ்சினார்கள். அப்பாவுக்கு நடை குறைந்து கால் தோல் வறண்டு வெடிக்க ஆரம்பித்ததும் தினம் சாயங்காலம் தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்து விடுவது அத்தைதான். தேய்த்து முடித்ததும் எழுந்துபோய்த் தன் கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருவாள்.

போன வருஷம் அவளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. சேலத்தில் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்ன வயதுப் பெண். கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை முகம் கழுவுவீர்கள் என்று கேட்டார். அத்தை எண்ணிப் பார்த்தும் சொல்ல முடியவில்லை. இனிமேல் சோப்பே வேண்டாம், எண்ணெய் தடவுங்கள் என்றார் டாக்டர். சின்ன வயதில் முகத்தில் எண்ணெய் ரொம்ப வரும், அதிலிருந்து வந்த பழக்கம் என்று நான் சொன்னேன்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். எண்ணெய் தோலுக்கு மேலே படிகிற அழுக்கு இல்லை. உள்ளே இருக்கிற சுரப்பியிலிருந்து வருவது. எவ்வளவு வரவேண்டும் என்பதை வயதும் உடம்பும் முடிவு பண்ணும். சோப்பு மேலே இருப்பதை மட்டும்தான் எடுக்கும், உள்ளே போய் நிறுத்தாது. ஓயாமல் கழுவினால் தோலுக்குக் காவலாக இருப்பதும் சேர்ந்து போய்விடும். அதனால்தான் ஒருபக்கம் வறண்டு புண்ணாகும், இன்னொரு பக்கம் எண்ணெயும் வந்துகொண்டே இருக்கும்.

அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "அப்ப ஒண்ணும் பண்ணாம உட்டிருந்தா என்னாயிருக்குமுங்க?" என்றாள்.

"ஒண்ணும் ஆயிருக்காதுங்கம்மா. கொஞ்சம் பளபளன்னு இருந்திருக்கும். வயசானா தானா கொறஞ்சிருக்கும்."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். அத்தை மருந்துப் பையை மார்போடு பிடித்துக்கொண்டு போகிற வருகிற ஆட்டோக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்து ஏறப்போகிற நேரத்தில் என் கையைப் பிடித்தாள். "டாக்டரு சொன்னத அண்ணங்கிட்டச் சொல்லிராத சாமி. இந்த வயசுல அவருக்கு எதுக்கு?"

நான் சொல்லவில்லை.

இந்த ஆனியில் அத்தை போய்விட்டாள். நெஞ்சுவலி என்று சொன்னவள் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. அப்பாவுக்கு முன்னால் அவள் போவாள் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. மறுநாள் காலையில் வாசலில் பெஞ்சு போட்டு அவளைக் கிடத்தினார்கள். எங்களில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். குளிப்பாட்டுவதற்கு முன்னால் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகத் தலையில் எண்ணெயும் அரப்புத் தூளும் தொட்டு வைக்க வேண்டும். அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். கிண்ணத்தை நான்தான் பிடித்தேன். தலைக்கு வைங்கப்பா என்றேன்.

அப்பா விரலால் தொடவில்லை. உள்ளங்கையைக் கிண்ணத்தில் முழுக்க அமிழ்த்தினார். தலைக்குக் கொஞ்சம் வைத்தார். மீதியை அவள் நெற்றியில் தடவினார், கன்னங்களில் தடவினார், மூக்கின் இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அழுத்தித் தடவினார். மறுபடி கிண்ணத்தில் கையை விட்டார். அந்த வறண்ட முகம் எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் தடவினார், யாரும் தடுக்கவில்லை.

குளிப்பாட்டுகிற பெண்கள் சோப்பை எடுத்தார்கள். மொகத்துக்கு வேண்டாமுங்க, வெறுந் தண்ணி போதும் என்றார் அப்பா. தண்ணீர் ஊற்றி, கோடிச் சேலை சுற்றிப் படுக்க வைத்தபோது காலை வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. நெற்றியும் மூக்கும் பளபளத்தன. பந்தியில் ரசம் ஊற்றிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஒரு பெண் கையில் துண்டும் பவுடர் டப்பாவுமாகக் குனிந்தாள்.

அப்பா நாற்காலியிலிருந்து எட்டி அவள் கையைப் பிடித்தார்.

"தொடைக்காதீங்க சாமி. எங்க அம்மிணி மொகம் இப்படித்தான் இருக்கும்."

நான் சொல்லாமல் வைத்திருந்தது அவருக்கு எப்போதிருந்து தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.